நாற்றம் குற்றமல்ல

டெல்லி மெட்ரோவின் ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்குபவர்களுக்கு இரண்டு சந்தைகள் காத்திருக்கின்றன. அரவிந்தர் சாலையின் ஒரு பக்கம் 1994இல் தொடங்கிய டில்லி ஹாட். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கைவினைப் பொருள் பார்க்கலாம். மறுபக்கம் ஐ.என்.ஏ. மார்க்கெட். இங்கே சீட்டு கிடையாது, மூக்குத்தான் வழிகாட்டி. ஒரு சந்தில் கறிவேப்பிலையும் வாழை இலையும் மணக்கும். அடுத்த திருப்பத்தில் மீன், அதையடுத்துக் கோழி, ஆட்டிறைச்சி. அப்பால் ஏலக்காய், கருவாடு, மூங்கில் குருத்து, வெளிநாட்டுச் சீஸ்.

ஆர்.கே. புரத்துத் தமிழ்க் குடும்பம் முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் இங்கேதான் வரும். மலையாளிக்கு மத்தியும் மட்டை அரிசியும் வேண்டும். வங்காளிக்கு இலிஷ் மீன். நாகாலாந்து மாணவிக்கு நொதித்த சோயா. தூதரகச் சமையல்காரருக்குத் தாய்லாந்து சாஸ். ஒருவருக்கு நாவூறும் பொருள், பக்கத்தில் நிற்பவரை மூக்கைப் பொத்த வைக்கும். இத்தனை ஊர்க்காரர்கள் ஒரே கூரையின் கீழ் கடை பரப்பும் இடத்தில், எதை விற்பனைக்கு வைக்கலாம், எதை வைக்கக் கூடாது, வைப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இதை யார், எந்த அளவுகோலால் தீர்மானிப்பது?

பெரும்பாலோர் சட்டென்று கையில் எடுக்கும் அளவுகோல் அருவருப்பு. 'நாறுகிறது, அப்புறப்படுத்து' என்பதுதான் முதல் தீர்ப்பு. ஆனால் மூக்கு நல்ல நீதிபதி அல்ல என்கிறது அறிவியல். மூக்கு குற்றவாளி என்று கைகாட்டும் பொருள் பெரும்பாலும் நிரபராதி. ஆளைக் கொல்லும் பொருளோ பல நேரம் வாசனையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

மீன் ஏன் நாறுகிறது?

கடல்நீரின் உப்பு, மீனின் உடலிலுள்ள நீரை வெளியே இழுக்கப் பார்க்கும். அதை எதிர்கொள்ளக் கடல்மீன்கள் தம் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்ஸைடு என்ற சேர்மத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. இதற்கு வாசனை கிடையாது. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் இந்தச் சேர்மத்திலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவது டிரைமெத்திலமைன். மீன் கவிச்சி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும்.

ஆற்றுமீனுக்கு உப்போடு போராட வேண்டியதில்லை. அதனால் ரோகு, கட்லாவில் இந்தச் சேர்மம் மிகக் குறைவு, கவிச்சியும் குறைவு. சுறாவும் திருக்கையும் கூடவே யூரியாவையும் உடலில் தேக்கி வைப்பதால், அது சிதைந்து அம்மோனியா நெடி கிளம்பும். மீன் குழம்புக்குப் புளி கரைத்து ஊற்றுவதிலும் வேதியியல் இருக்கிறது. டிரைமெத்திலமைன் ஒரு காரம். புளியின் அமிலம் அதைப் பிடித்து, ஆவியாக முடியாத உப்பாக மாற்றிவிடுகிறது. ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது.

இந்த வாடை எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிவதும் இல்லை. ஐஸ்லாந்தில் 11,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. மூக்கிலுள்ள டி.ஏ.ஏ.ஆர்.5 என்ற ஏற்பியை உருவாக்கும் மரபணுவில் ஒரு சிறு மாற்றம் உள்ளவர்களுக்கு மீன் வாடை அவ்வளவு கெட்டதாகத் தோன்றவில்லை. சிலர் உருளைக்கிழங்கு என்றார்கள், சிலர் கேரமல் என்றார்கள், ரோஜா என்றவர்களும் உண்டு. மரபணு ஒரு பக்கம். வளர்ந்த வீட்டின் சமையலறை மறுபக்கம். இரண்டும் சேர்ந்துதான் ஒருவரின் 'சகிக்க முடியாத நாற்றத்தை' உருவாக்குகின்றன. அதை ஊருக்கெல்லாம் பொதுவிதியாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியிலேயே சான்று இருக்கிறது.

2007இல் டெல்லி காவல்துறை, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பாதுகாப்பு யோசனைகள் என்று ஒரு கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அகுனி போன்ற வாடை மிகுந்த உணவுகளை அக்கம்பக்கத்தில் ரகளை எழாமல் சமைக்க வேண்டும் என்பது அதிலிருந்த ஒரு யோசனை. கடும் கண்டனம் எழுந்தது. இந்த அகுனியை வைத்தே நிக்கோலஸ் கார்கோங்கோர் 2019இல் ஒரு திரைப்படம் எடுத்தார். டெல்லியில் ஒரு கல்யாணத்துக்காக அகுனி சமைக்க இடம் தேடி அலையும் நண்பர்களின் கதை அது.

அகுனி என்பது வேகவைத்து நொதிக்கவிட்ட சோயா. பாசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் அதன் புரதத்தை உடைக்கும்போது அம்மோனியா வெளிவருகிறது. நெடி அங்கிருந்துதான் வருகிறது. நெடி இருப்பதால் அது கெட்டுப்போன உணவாகிவிடாது. நம்மூர்க் கருவாடும் இதே கட்சி. உப்பும் வெயிலும் சேர்ந்து மீனிலிருந்து, நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்கக்கூடிய நீரைப் பறித்துவிடுகின்றன. இதை நீர்ச் செயற்பாடு என்ற அளவால் குறிப்பார்கள். தூய நீருக்கு அது 1. அது 0.91க்குக் கீழே இறங்கினால் உணவைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர்வதில்லை, 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரியும் வளராது. நன்றாகக் காய்ந்த கருவாடு தெருவையே கூட்டும். ஆனால் அது, வாடையே இல்லாமல் வெயிலில் கிடக்கும் பச்சை மீனைவிடப் பாதுகாப்பானது.

வாடையில்லாத ஆபத்துகள்

சூரை, அயிலை, மத்தி ஆகிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சில மணி நேரம் குளிர்ச்சியின்றிக் கிடந்தால், சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடல் அரிக்கும். 'மீன் அலர்ஜி' என்று பலரும் நினைப்பது சில வேளைகளில் இந்த நஞ்சாகவே இருக்கும். ஹிஸ்டமைனுக்கு வாடை இல்லை. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. மறுபடி பனிக்கட்டியில் போட்டாலும் உருவானது உருவானதுதான். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராம் என்று இதற்கு எல்லை வகுத்திருக்கிறது.

டெல்லி மறக்கக் கூடாத சம்பவம் ஒன்று 1998 ஆகஸ்டில் நடந்தது. கால்கள் வீங்கி, மூச்சுத் திணறி, இதயம் தளர்ந்து மக்கள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். சுமார் 3,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம், கடுகெண்ணெயில் கலந்திருந்த பிரமதண்டு விதை எண்ணெய். நம் ஊர்த் தரிசுகளில் மஞ்சள் பூவோடு முள்ளாக நிற்கும் அதே பிரமதண்டுதான். அதன் விதை கடுகைப் போலவே இருக்கும். அதிலுள்ள சாங்குவினரின் என்ற நஞ்சு நுண்குழாய்களின் சுவரைச் சேதப்படுத்த, இரத்தத்தின் நீர் வெளியே கசிந்து உடல் வீங்குகிறது. கடுகெண்ணெயின் காரநெடி இந்தக் கலப்படத்தை மறைத்துவிட்டது. வாங்கியவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆய்வகத்தில் சிறிது எண்ணெயில் நைட்ரிக் அமிலம் சேர்த்தபோதுதான் செம்பழுப்பு நிறம் காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டில் சமையல் எண்ணெயைப் பொட்டலமிட்டு விற்க வேண்டும் என்ற ஆணை வந்தது. தயாரித்தவர் யார் என்று தெரியாத எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பதற்கு எதிரான விதியின் பின்னால் அத்தனை உயிர்கள் இருக்கின்றன.

இன்னொன்று ஃபார்மலின். பிணவறையில் உடல் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் ஃபார்மால்டிஹைடு கரைசல். இது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். பாக்டீரியா வேலை செய்ய முடியாது. மீன் அழுகாது, எனவே நாறவும் செய்யாது. 2018இல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென ஒரு சோதனைத் தாளை உருவாக்கியிருக்கிறது. மீன்மேல் தேய்த்து, ஒரு துளி கரைசல் விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். மூக்கை நம்பி மீன் வாங்குபவரிடம், மூக்கை ஏமாற்றும் மீன்தான் சுலபமாக விலைபோகும். நாற்றத்தைக் குற்றமாக்கினால், நாற்றத்தை மறைக்கும் தொழிலுக்குத்தான் கிராக்கி ஏறும்.

கோடு எங்கே?

அப்படியானால் ஃபார்மால்டிஹைடு துளிகூட இருக்கக் கூடாது என்று விதி போட்டுவிடலாமா? அங்கேதான் சிக்கல். கவிச்சிக்குக் காரணமான அதே டிரைமெத்திலமைன் ஆக்ஸைடு, சில மீன்களில் வேறொரு நொதியால் உடையும்போது ஃபார்மால்டிஹைடு இயற்கையாகவே உண்டாகிறது. பனியில் உறைய வைத்த தும்பிலி மீனில்கூட இது நடக்கும். யாரும் எதையும் கலக்காமலேயே மீன் 'குற்றவாளி' ஆகிவிடும். எனவே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., இயற்கையாக எவ்வளவு வரலாம் என்று மீன் வகைக்கு ஏற்பத் தனித்தனி எல்லை வைத்திருக்கிறது. நன்னீர் மீனுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம். தும்பிலி போன்றவற்றுக்கு அதைவிடக் கூடுதல். நல்ல விதி பொருளின் பெயரைப் பார்த்துத் தடை போடுவதில்லை. அளவைப் பார்க்கிறது, சூழலைப் பார்க்கிறது.

பழம் பழுக்க வைப்பதிலும் இதே தர்க்கம். கால்சியம் கார்பைடு கல்லுக்குத் தடை. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். வரை பயன்படுத்த அனுமதி. இரண்டும் செயற்கை முறைதான் என்றாலும், கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்மங்களின் மாசு ஒட்டியிருக்கும்; எத்திலீனோ நேந்திரன் தார் தானே வெளியிடும் வாயு. 'செயற்கை' என்ற சொல்லைக் கேட்டு விதி மிரளவில்லை. தீங்கு எதில் என்று தேடிப் போய்ப் பிடிக்கிறது.

உணவுக்கு மட்டும் உரிய தர்க்கமல்ல இது. சொல்லுக்கும் படத்துக்கும் இதே கேள்வி டெல்லியில் எழுந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டவும் அசௌகரியம் உண்டாக்கவும் அனுப்பும் செய்திகளைக்கூடச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. ஸ்ரேயா சிங்கல் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. ஒருவருக்கு எரிச்சல் தருவது இன்னொருவருக்குத் தராது. அளக்க முடியாத ஒன்றைக் குற்றத்தின் எல்லையாக வைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வன்முறைக்குத் தூண்டுவது வேறு, மனம் கோணச் செய்வது வேறு. கருவாட்டுக்கும் ஃபார்மலின் மீனுக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

பொருளைவிட நடத்தை

எதை வைக்கலாம் என்பது பாதி விதி. எப்படி வைக்கிறோம் என்பது மீதி. கண்ணியமான பொருளும் கெட்ட நடத்தையால் நஞ்சாகும்.

மீன் கடைப் பலகையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். டெல்லிக்குக் கடல் சாலைவழி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரம் மீனைக் காப்பாற்றிக் கொண்டுவருவது பனிக்கட்டி. ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைச் சுழியத்துக்கு இறக்கக் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு கிலோ பனிக்கட்டி போதும். ஆனால் மே மாத டெல்லியில் காற்றே 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெப்பமும் பனிக்கட்டியைத் தின்றுகொண்டே இருக்கும். மீனுக்கு அடியில் மட்டும் பனிக்கட்டி பரப்பி, மேலே பளபளவென்று தண்ணீர் தெளித்து வைத்திருந்தால் மீனின் மேல்பாதி வெயிலில் கிடப்பதாகத்தான் பொருள். அடியிலும் மேலேயும் பனிக்கட்டி, உருகிய நீர் வடிந்தோட வழி, இரண்டும் வேண்டும்.

ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தை உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆபத்து மண்டலம் என்பார்கள். வசதியான சூழலில் ஈ.கோலை போன்ற பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலை பத்து மணிக்கு ஒன்றாக இருந்தது, மாலை ஐந்து மணிக்கு 20 லட்சத்தைத் தாண்டும். சுழியம் டிகிரியில் அதனால் பெருக முடியாது. 'காலையில் வந்த மீன்தான் பையா' என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வந்த நேரத்தைவிட, வந்தபின் எங்கே கிடந்தது என்பதுதான் முக்கியம்.

அடுத்து கத்தி. கோழி வெட்டிய பலகையிலேயே மீனையும் வெட்டுவது, அதே கையால் கொத்தமல்லிக் கட்டை எடுத்துப் பையில் போடுவது சாதாரணமாக நடக்கிறது. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் பாக்டீரியாக்கள் இருக்க வாய்ப்பு அதிகம். கோழியை நாம் வேகவைப்போம்; அவை செத்துவிடும். கொத்தமல்லியை வேகவைக்க மாட்டோம். ரசத்தின் மேல் தூவுவோம், சட்னியில் அரைப்போம். நோய் கோழியால் வந்தாலும் வயிற்றுக்குள் போனது கொத்தமல்லி வழியாக. பச்சை இறைச்சியையும் மற்ற உணவையும் பிரித்து வைக்கச் சொல்லும் 2011ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணைக்கு அடிப்படை இதுதான். வீட்டிலும் இதே கதை. கோழியைக் குழாயடியில் அலசினால் தெறிக்கும் துளிகள் பக்கத்திலிருக்கும் தட்டுகளில் போய் உட்காரும்.

இடம் கொடுத்தவர் பொறுப்பு

தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது? 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், தயாரித்தவரோடு நிறுத்தாமல் விற்றவரையும் கேட்கிறது. காலாவதியான பிறகு விற்றது, சுகாதாரமின்றி வைத்திருந்தது, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாதது, ஆபத்து என்று தெரிந்தே விற்றது ஆகியவற்றுக்கு விற்பனையாளர் பொறுப்பு. கடைக்கு இடம் கொடுத்தவர்? ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் பிராகா நகரச் சந்தை வழக்கொன்றில், கடைகளை உள்வாடகைக்கு விடுபவரும் இடைநிலையாளரே என்றது. போலிச் சரக்கு விற்பனையைத் தடுக்கும்படி அவருக்கும் ஆணையிடலாம். இந்தச் சட்டங்கள் ஒவ்வொரு மீனையும் மோந்து பார்க்கும்படி இடம் கொடுத்தவரிடம் கேட்பதில்லை. தெரிந்த பிறகு கண்ணை மூடிக்கொள்ளாதே என்கின்றன.

தடை போடுவதில் நிதானமும் வேண்டும். 2021 ஜனவரியில் பறவைக் காய்ச்சல் அச்சம் வந்தபோது டெல்லி அரசு காஜிப்பூர் கோழிச் சந்தையைப் பத்து நாட்களுக்கு மூடியது. அங்கிருந்து எடுத்த மாதிரிகளில் நோய் இல்லை என்று முடிவு வந்ததும், கெடு முடியும் முன்பே சந்தையைத் திறக்க உத்தரவிட்டது. சந்தேகத்தில் மூடுவதும், சோதித்த பின் திறப்பதும் ஒரே விதியின் இரு பகுதிகள். முதல் பகுதி மட்டும் இருந்தால் அது தண்டனை. இரண்டாவதும் இருந்தால்தான் அறிவியல்.

விதி பலிக்குமா என்ற சந்தேகம் இருப்பவர்களுக்கு வங்கதேசத்து மஞ்சள் பதில் சொல்லும். மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர அங்கே ஈயக் குரோமேட் பூசினார்கள். பார்வைக்கு அழகு, குழந்தைகளின் மூளைக்கு நஞ்சு. 2019இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. ஆய்வாளர்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிகாரிகள் கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியோடு டாக்காவின் ஷ்யாம்பஜார் சந்தைக்குப் போய் அங்கேயே சோதித்தார்கள். இரு மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் விதித்ததைத் தொலைக்காட்சி காட்டியது. சந்தைகளில் எச்சரிக்கை ஒட்டப்பட்டது. 2021இல் அந்த 47 சதவீதம் சுழியமானது. மஞ்சள் விற்பதை யாரும் தடை செய்யவில்லை. எதை, ஏன் செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் புரியும்படி சொன்னார்கள், சொன்னதைச் சோதித்தார்கள், மீறியவரைப் பிடித்தார்கள்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கோ, கோயம்பேட்டுக்கோ, காசிமேட்டுக்கோ அடுத்த முறை போகும்போது இவற்றைக் கவனியுங்கள். மீனுக்கு மேலேயும் பனிக்கட்டி இருக்கிறதா? இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி உண்டா? பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கின்றனவா? மஞ்சளும் மிளகாயும் இயல்பை மீறிப் பளபளக்கின்றனவா? சந்தேகம் வந்தால் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் செய்யுங்கள். பக்கத்துக் கடைக் கருவாடு நாறினால் மட்டும் அதைப் புகாராக்காமல் தாண்டிப் போங்கள். அதை வாங்க வந்தவருக்கும் அந்தச் சந்தையில் உங்கள் அளவுக்கு உரிமை இருக்கிறது.